பால்சுறாவின் செவுள்களை வெட்டுமுகமாகத் திறந்து குடுவையில் வைத்தல்

மேலூருக்கு அருகிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்துக்காக ஒரு பால்சுறாவின் தலையைப் பதப்படுத்தும் வேலை சென்ற மாதம் நிறைவடைந்தது. குடுவைக்குள் நிற்கும் அந்தத் தலையின் வலப் பக்கத்து ஐந்து செவுள் பைகளும் கிடைமட்டமாக வெட்டித் திறக்கப்பட்டிருக்கின்றன. வெட்டுமுகத்தில், வண்ணக் கூழ் ஏற்றிய இரத்தக் குழாய்கள் ஐந்து நீலப் புள்ளிகளாகவும் ஒன்பது சிவப்புப் புள்ளிகளாகவும் தெரிகின்றன. செவுளுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்து என்றும், செவுளிலிருந்து கொண்டுசெல்லும் குழாய்கள் ஒன்பது என்றும் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த எவருக்கும் அந்த இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது படத்தைப் பார்த்துப் புரிவதில்லை. அதை ஒரே வெட்டில் காட்ட வேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம்.

இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறை விலங்கியல் மாணவர்கள் சுறாவை அறுத்துத்தான் முதுகெலும்புள்ளவற்றின் உடலமைப்பைக் கற்றார்கள். இ. எம். தில்லையம்பலம் எழுதி 1928-இல் இலக்னோவில் வெளிவந்த, ஸ்கோலியோடான் என்ற சுறாவைப் பற்றிய ஆய்வுநூல் அந்த மரபுக்கு அடித்தளமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கல்லூரிச் செய்முறை வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதைக் கைவிடச் சொன்ன பிறகு, மாணவர் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு சுறா என்ற வழக்கம் நின்றுபோனது. அது நின்றது நல்லதே என்பது என் கருத்து. முப்பது மாணவர்களுக்கு முப்பது சுறாக்களை அறுத்த காலத்திலும் ஒழுங்காக வெட்டப்பட்ட செவுள் இரண்டோ மூன்றோதான் தேறும். உணவுக்காகப் பிடிபட்டுச் சந்தைக்கு வந்த மீன் ஒன்றைப் பொறுமையாக ஒருவர் பதப்படுத்தினால், அதைப் பல ஆண்டுகள் பல நூறு பேர் பார்க்கலாம்.

கடலில்லாத மதுரையில் சுறா கிடைப்பதில் சிரமமில்லை. இராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் மீன் இரவோடிரவாக வந்துவிடுகிறது. சிரமம் என்னவென்றால், பிற மீன்களுக்குச் செய்வதுபோல் செவுள் மூடியைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று சோதிக்க இயலாது. சுறாவுக்கு மூடியே கிடையாது. மார்புத் துடுப்புக்கு முன்னால் ஐந்து பிளவுகள் தனித்தனியாக வெளியே திறக்கின்றன. ஆகவே மூக்கைத்தான் நம்ப வேண்டும். சுறாவின் தசையிலும் இரத்தத்திலும் யூரியா மிகுதியாக இருக்கிறது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுத்து உடலில் நீரைத் தக்கவைக்க அது தேவைப்படுகிறது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவைச் சிதைப்பதால் அம்மோனியா நெடி கிளம்புகிறது. பிளவை விரலால் சற்றே விரித்து முகர்ந்து, நெடி மூக்கில் ஏறினால் அந்த மீன் இந்த வேலைக்கு உதவாது. இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருக்கும்.

நெல்பேட்டைச் சந்தையில் சுறாவைக் கேட்டதும் கடைக்கார அம்மாள், “பிள்ள பெத்தவுகளுக்கா சார்? அப்படின்னா சின்னதா எடுத்துக்கங்க” என்றார். தாய்ப்பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம் என்பதால், சிறிய சுறா வாங்குபவர் எல்லோரையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார். “இல்லக்கா, தலையோட முழுசா வேணும். செவுள்ல கத்தி படக் கூடாது” என்று சொல்லி, வெட்டுவதற்கு எடுத்த கத்தியை நிறுத்தவேண்டியிருந்தது. தலையை வெட்டுவோர் பெரும்பாலும் ஐந்தாம் பிளவின் வழியாகவே கத்தியை இறக்குகிறார்கள். அப்படி வெட்டினால் இதயமும் கடைசிச் செவுளும் போய்விடும்.

முதலில் வாங்கியது கிலோ 420 ரூபாய் விலையில் ஏறத்தாழ 900 கிராம் எடையும் 60 செ.மீ. நீளமும் கொண்ட ஆண் சுறா. வயிற்றுத் துடுப்புகளை ஒட்டி இரண்டு கலவிக் குச்சிகள் இருந்ததால் ஆண் என்று வாங்கும்போதே தெரிந்துவிட்டது. பெண்ணாக இருந்தால் உள்ளே குட்டிகள் இருக்கக்கூடும்; இந்த வகைச் சுறாக்கள் முட்டையிடுவதில்லை, நஞ்சுக்கொடியால் வளர்த்துக் குட்டி போடுகின்றன. ஆகையால் ஆணையே கேட்டு வாங்குவது நல்லது. சந்தையில் பால்சுறா என்று விற்கப்படுவது ஒரே இனம் அன்று. மண்வெட்டிபோல் தட்டையான அகன்ற மூக்குடையது ஸ்கோலியோடான். எனக்குக் கிடைத்தது கூர்மையாக நீண்ட மூக்கும் வாயோரத்தில் தெளிவான உதட்டுச் சுருக்கமும் உடைய ரைசோபிரியோனோடான். செவுளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் ஐந்து பிளவுகள். கண்ணுக்குப் பின்னே மூச்சுத்துளை இல்லை. கடைசிப் பிளவு மார்புத் துடுப்பின் அடிப்பகுதிக்கு மேலே அமைந்திருக்கும். சுறாவில் சில இனங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், இனம் தெரியாத மீனைத் தொடாமல் இருப்பதே முறை.

வீட்டு மொட்டைமாடியில் ஒரு பழைய மேசையின்மேல் தகரத் தட்டை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். எந்த இரசாயனமும் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வாய்க்குள் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. தண்ணீர் ஐந்து பிளவுகள் வழியாகவும் வெளியேறும். அப்போது ஒவ்வொரு பிளவின் முன்பக்கத்திலும் உள்ள தோல் மடல் தூக்கிக்கொள்வதைக் காணலாம். அதே குழாயை வெளியிலிருந்து பிளவை நோக்கிப் பிடித்தால் மடல் பிளவின்மேல் படிந்து அடைத்துக்கொள்கிறது. உயிருள்ள சுறா வாயைத் திறந்து தொண்டையின் அடித்தளத்தைத் தாழ்த்தி நீரை இழுக்கும்போது, இந்த மடல்கள் மூடியிருப்பதால் நீர் வாய் வழியாக மட்டுமே நுழைகிறது. வாயை மூடி அடித்தளத்தை உயர்த்தும்போது நீர் செவுள்களின் ஊடாகப் பிளவுகளால் வெளியேறுகிறது. பதப்படுத்திய பிறகு மடல் விறைத்துவிடும் என்பதால் இந்தச் சோதனையைப் பச்சை மீனில்தான் செய்ய முடியும். இதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, உடலைத் தலையிலிருந்து பிரிப்பது. மார்புத் துடுப்புகளுக்கு இரண்டு விரற்கடை பின்னால் வெட்டினால், தோள் குருத்தெலும்பும் அதற்கு முன்னாலுள்ள இதய உறையும் தலையோடு தங்கிவிடும். வெட்டுமுன் அளவுகளைக் குறித்துக்கொண்டேன்: முதல் பிளவு 15 மி.மீ., மூன்றாவது 17 மி.மீ., ஐந்தாவது 12 மி.மீ. பின்பகுதியைச் சமையலறைக்கு அனுப்பியதில் வீட்டாருக்கும் இந்த வேலையின்மேல் சற்று மதிப்பு ஏற்பட்டது. அன்று இரவு பூண்டும் பச்சைமிளகாயும் போட்ட சுறாப்புட்டு.

தோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுறாவின் தோல் முழுவதும் பல்லின் அமைப்பையுடைய நுண்ணிய செதில்களால் ஆனது. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுக்கும். எதிர்த்திசையில் தடவினால் உப்புத்தாள்தான். மேலிருந்து கத்தியை அழுத்தி வெட்டினால் ஒரு சாண் வெட்டுவதற்குள் கூர் மழுங்கிவிடுகிறது. 3-ஆம் எண் கைப்பிடியும் அதற்குப் பொருந்தும் 10, 11, 15-ஆம் எண் அலகுகளும் வாங்கியிருந்தேன். 11-ஆம் எண் அலகின் முனையால் ஒரு சிறு துளையிட்டு, அலகைத் தோலுக்கு அடியில் நுழைத்து, கூர்ப்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி உள்ளிருந்து வெளியே வெட்டிக்கொண்டு போனால் ஒரே அலகு நெடுநேரம் உழைக்கிறது. கல்லீரல் எண்ணெய் கையுறையில் பட்டால் கைப்பிடி வழுக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் சோப்புநீர் இருக்கட்டும்.

இனி வண்ணம் ஏற்றும் வேலை. தலையை மல்லாத்தி, இரு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே தோலை நீக்கி, தோள் குருத்தெலும்பின் நடுப்பகுதியைக் கத்தியால் சீவியெடுத்தால் அதன் முன்னே இதய உறை தெரியும். உள்ளே இதயத்தின் அறைகளான சிரைப்பை, மெல்லிய சுவருள்ள ஆரிக்கிள், தடித்த வெண்ட்ரிக்கிள், அதிலிருந்து முன்னோக்கிச் செல்லும் தமனிக்கூம்பு ஆகியவை வரிசையாக அமைந்திருக்கின்றன. இந்த இதயத்தின் வழியே செல்வது முழுவதும் உயிர்வளி குறைந்த இரத்தமே. கூம்பிலிருந்து புறப்படும் கீழ்ப்பெருந்தமனி தொண்டையின் அடித்தளத்தில் முன்னோக்கி ஓடி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து கிளைகளைத் தருகிறது. பின்னாலுள்ள மூன்று கிளைகள் தமனியிலிருந்து நேராகப் பிரிகின்றன. முன்னாலுள்ள இரண்டும், தமனி முனையில் இரண்டாகப் பிளந்த பிறகு, ஒரே பொதுக் கிளையிலிருந்து பிரிகின்றன.

மருந்துக்கடையில் கிடைக்கும் 20-ஆம் எண் கனூலாவை (இரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்), அதாவது இளஞ்சிவப்புத் தலையுள்ளதை, வெண்ட்ரிக்கிளின் வழியாகக் கூம்புக்குள் செலுத்தி நூலால் கட்டினேன். கூம்பினுள் உள்ள அடைப்பிதழ்கள் முன்னோக்கித்தான் திறக்கும். நாமும் முன்னோக்கியே செலுத்துவதால் அவை தடையாவதில்லை. முதலில் குழாய்களைக் கழுவ வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் திசுக்களை ஊதச் செய்யும் என்பதால் ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் சமையல் உப்பைக் கரைத்துப் பயன்படுத்தினேன்.

நிறத்தைத் தாங்கும் கூழாக முதலில் எடுத்தது கடைகளில் கிடைக்கும் கடல்பாசி. அது 40 பாகைக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடுகிறது. குளிரூட்டிய தலைக்குள் செலுத்தியபோது கனூலாவின் கழுத்திலேயே உறைந்து நின்றுவிட்டது. அந்த முதல் தலையின் இரத்தமும் ஏற்கெனவே கட்டிதட்டியிருந்ததால், பின்னாலுள்ள மூன்று கிளைகள் மட்டும் நிறம் ஏற்றுக்கொண்டன. முன்னாலுள்ள இரண்டும் வெளுத்தே கிடந்தன. ஒரே பொதுக் கிளை அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதற்கு அது நல்ல சான்றாக இருந்ததே தவிர, குடுவைக்கு உதவவில்லை. அந்தத் தலையை வெட்டிப் பழகுவதற்கும் குருத்தெலும்பு எடுப்பதற்கும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுறாவைச் சந்தையில் தேடவில்லை. பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, அன்றிரவே கரையேறியதைப் பனிக்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவரச் செய்தேன். 460 ரூபாய் ஆயிற்று. இந்தத் தலையில் உப்புநீரைச் செலுத்தியபோது, வெட்டுப்பட்ட முதுகுப் பக்கத்தில், முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மேற்பெருந்தமனியின் வாயிலிருந்து முதலில் சிவப்பாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் கடைசியில் தெளிவாகவும் நீர் வடிந்தது. கீழே இதயத்தின் வழியாகச் சென்றது செவுள் இழைகளைக் கடந்து மேலே வந்து சேரும் பாதை அப்போதே கண்முன் நிரூபணமாகிவிட்டது. தெளிந்த நீர் வரும்வரை கழுவியதுதான் இந்த வேலையின் வெற்றிக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

கூழுக்கு இம்முறை ஜெலட்டின். கேக் செய்வோருக்கான பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய தூளில் 10 கிராமை 100 மி.லி. நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கரைத்து, நீல போஸ்டர் வண்ணத்தைக் கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். ஜெலட்டின் மெதுவாக உறைவதால் கிளைகளின் நுனிவரை செல்ல நேரம் கிடைக்கிறது. மதுரை வெயிலில் அது மறுபடி இளகிவிடுமே என்ற கவலை தேவையில்லை. பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் பட்டதும் அது மீண்டும் உருகாத அளவுக்கு இறுகிவிடுகிறது. 5 மி.லி. ஊசிக்குழலால் மிக மெதுவாகச் செலுத்தினேன். உப்புநீர் கடந்துபோன அதே பாதையில் நீலம் கடந்துபோகவில்லை. வண்ணத்தூளின் துகள்கள் செவுளின் நுண்குழாய்களைவிடப் பெரியவை என்பதால் அவை அங்கேயே நின்றுவிட்டன. ஆகவே உட்செல்லும் குழாய்கள் மட்டும் நீலமாயின. பிறகு சிவப்பு வண்ணக் கூழை மேற்பெருந்தமனியின் வெட்டுவாயிலிருந்து இரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் செலுத்தி, வெளிச்செல்லும் குழாய்களை நிரப்பினேன். அழுத்தம் கூடினால் இழைகளின் அடியில் குழாய் வெடித்து நிறம் பரவும். மேல்வாய்த் தோலுக்குள் சிவப்புக் கோடு தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இரு வாய்களையும் கட்டி, தலையைப் பனிக்கட்டி வாளியில் ஒரு மணி நேரம் வைத்தேன்.

பதப்படுத்தும் திரவம் கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அதில் ஒரு தேக்கரண்டி போராக்ஸ். தலையின் எடையைப் போல் பத்து மடங்காவது திரவம் வேண்டும் என்பதால் ஐந்து லிட்டர் தயாரித்தேன். இதில் மறக்கக்கூடாத ஒன்று, வாயைத் திறந்த நிலையில் தாங்கி நிறுத்துவது. முதல் தலை வாய் மூடியபடியே இறுகிவிட்டதால் தாடையை உடைக்காமல் திறக்க வழியில்லாமல் போயிற்று. இரண்டாவதற்குத் தெர்மோகோல் துண்டு ஒன்றைத் தாடைகளுக்கிடையே செருகி, ஒவ்வொரு பிளவிலும் பஞ்சுத் திரியைச் சொருகி, பைகளுக்குள் திரவம் நுழையும்படி செய்தேன். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது; திறந்த மாடி, கையுறை, கண்ணாடி, காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசும்படி நிற்பது ஆகியவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் ஊறிய பின் இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி நெடி குறையும்வரை கழுவினேன். எஞ்சிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் சேர்த்தாயிற்று.

வெட்டுவதற்கு அறுவைக் கத்தி போதாது. நீண்ட, மெல்லிய, பல்லில்லாத ரொட்டிக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டேன். வலப் பக்கத்து வாய்மூலையில் தொடங்கி, ஐந்து பிளவுகளின் நடு உயரத்தையும் தொட்டுக்கொண்டு, தோள் குருத்தெலும்புவரை ஒரே மட்டத்தில் வெட்ட வேண்டும். பென்சிலால் கோடு போட்டால் ஈரத்தோலில் நிற்காது. குண்டூசிகளை வரிசையாகக் குத்தி அவற்றை வழிகாட்டியாக்கினேன். கத்தியை முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்தால்தான் இழைகள் கலையாமல் இருக்கும். இடப் பக்கம் வெட்டப்படாமல் இருப்பதால் அது கீலாக நின்று, தொண்டையின் அடித்தளம் முழுவதும் இதயத்தோடு சேர்ந்து இடப் பக்கமாகத் திறந்துகொள்கிறது. மேல்வாயிலும் கீழ்த்தளத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு வெட்டுமுகங்கள் கிடைக்கின்றன.

அந்த வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தொண்டைப் பக்கத்தில் ஒவ்வொரு செவுள் வளைவின் குருத்தெலும்பும் வெண்ணிறப் புள்ளியாகத் தெரிகிறது. அதிலிருந்து வெளிநோக்கி ஒரு தடித்த இடைச்சுவர் புறப்பட்டு உடலின் மேற்பரப்புவரை சென்று, அங்கே முன்பு தண்ணீரில் தூக்கிக்கொண்ட அதே தோல் மடலாக முடிகிறது. எலும்பு மீன்களில் இந்த இடைச்சுவர் பெரிதும் குறுகிவிடுவதால் இழைகள் நுனியில் விடுபட்டுத் தொங்கும்; அவற்றைக் காக்க வெளியே மூடி வேண்டியிருக்கிறது. சுறாவில் சுவரே வெளிவரை வந்து மூடியின் வேலையையும் பார்க்கிறது. சுவரின் முன்பக்கமும் பின்பக்கமும் செவுள் இழைகள் சேலைக் கொசுவம்போல் நெருங்கி மடிந்து ஒட்டியிருக்கின்றன. கைவில்லையில் பார்த்தால் ஒவ்வோர் இழையின்மேலும் அதற்குக் குறுக்காக நுண்தகடுகள் நிற்பது தெரிகிறது. நீர் இந்த நுண்தகடுகளின் ஊடாகப் போய் இடைச்சுவரை ஒட்டிய வாய்க்காலில் சேர்ந்து வெளியேறுகிறது. தகட்டினுள் இரத்தம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுவதால், நீர் கடந்துபோகும் தொலைவு முழுவதும் உயிர்வளி இரத்தத்துக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். முதல் பையின் முன்சுவர் நாவடி வளைவைச் சேர்ந்தது. அதற்குப் பின்முகத்தில் மட்டும் இழைகள் உண்டு. எனவே அது அரைச்செவுள். அடுத்த நான்கு வளைவுகளுக்கும் இரண்டு முகங்களிலும் இழைகள் இருப்பதால் அவை முழுச்செவுள்கள். ஐந்தாம் வளைவு, அதாவது கடைசிப் பையின் பின்சுவர், மொட்டையாக இருக்கிறது. இழையும் இல்லை, இழையைத் தாங்கும் குருத்தெலும்புக் கதிர்களும் இல்லை. இழை தாங்கும் சுவர்கள் ஆக ஐந்து. சுவர் ஒன்றுக்கு நடுவில் ஒரு நீலப் புள்ளி. எனவே நீலம் ஐந்து. ஆனால் இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய் இழை வரிசை ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியாக இருக்கிறது. அரைச்செவுளுக்கு ஒன்று, முழுச்செவுள் நான்குக்கும் இரண்டிரண்டு. எனவே சிவப்பு ஒன்பது. முதல் நான்கு பைகளைச் சுற்றிலும் முன்சுவரின் சிவப்புக் குழாயும் பின்சுவரின் சிவப்புக் குழாயும் இணைந்து முழு வளையங்களாகின்றன. ஐந்தாம் பையின் பின்சுவர் மொட்டை என்பதால் ஒன்பதாவது குழாய்க்கு இணை கிடையாது. அது தன் முன்னாலுள்ள எட்டாவதில் போய்ச் சேர்கிறது. நான் செலுத்திய சிவப்பும் இந்த ஒன்பதாவதில்தான் மிக மெலிதாக ஏறியிருந்தது. எட்டாவதைக் கடந்து சுற்றிச் செல்ல வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். மேல்வாயின் சளிச்சவ்வை இடப் பக்கத்தில் உரித்தபோது, வளையங்களிலிருந்து புறப்படும் நான்கு சிவப்புக் குழாய்கள் சாய்வாகப் பின்னோக்கி வந்து மேற்பெருந்தமனியில் இணைவதும் தெளிவாகக் கிடைத்தது.

முதல் தலையிலிருந்து செவுள் எலும்புக்கூட்டைத் தனியாக எடுத்து உலர்த்தி அட்டையில் ஒட்டும் திட்டமும் இருந்தது. கொதிநீரில் போட்டால் குருத்தெலும்பு கூழாகிவிடும். கைபொறுக்கும் சூட்டில் சிறிது சிறிதாக வைத்து, தசையை மழுங்கிய கத்தியால் வழித்தெடுத்தேன். ஒவ்வொரு வளைவும் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நான்கு துண்டுகளால் ஆனது என்பதும், கீழே நடுவில் ஒரு பொதுத் தகடு அவற்றைச் சேர்க்கிறது என்பதும் ஈரமாக இருந்தவரை அழகாகத் தெரிந்தன. நிழலில் உலர்த்தியும் மறுநாள் மாலைக்குள் எல்லாம் சுருங்கி முறுக்கிக்கொண்டன, 40 மி.மீ. இருந்த துண்டு 28 மி.மீ. ஆயிற்று. எலும்பைப் போல் உலர்த்திக் காட்டும் பொருள் இது அன்று. பிறகு எடுத்த வளைவுகளைக் கிளிசரின் கலந்த திரவத்தில் சிறு புட்டியில் இட்டுவைத்தேன். அவை வடிவம் மாறாமல் இருக்கின்றன.

குடுவையில் நிரப்ப எத்தனால் வாங்குவதற்கு அனுமதிச் சிக்கல்கள் இருப்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தேர்ந்தேன். முதலில் 30 விழுக்காட்டில் இரண்டு நாள், பிறகு 50 விழுக்காட்டில் நிலையாக. நேராக 50-இல் போட்டால் இழைகள் சுருங்கி வெட்டுமுகம் குழிந்துவிடுகிறது. 20 செ.மீ. உயரமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள தடித்த கண்ணாடிக் குடுவைக்குள் தலையை நிறுத்த, 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் துளையிட்டு, வெள்ளைத் தூண்டில் நரம்பால் கட்டினேன். கீழ்த்தளம் திறந்தே நிற்க வேண்டும் என்பதால் கண்ணாடிக் குச்சி ஒன்றை இடையில் முட்டுக்கொடுத்தேன். மூடியைச் சுற்றி சிலிக்கோன் பூசும்போது குடுவையின் விளிம்பு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஆல்கஹால் ஈரம் இருந்தால் பசை பிடிக்காது.

செலவைப் பார்த்தால், சுறாக்கள் இரண்டும் 840 ரூபாய், ஃபார்மலின் 220, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மூன்று லிட்டர் 660, குடுவை 950, அலகுகள், கனூலா, ஊசிக்குழல், கையுறை ஆகியவற்றுக்கு 430, ஜெலட்டினும் வண்ணங்களும் 190, சிலிக்கோன் 210, அக்ரிலிக் துண்டு 100. ஆக மொத்தம் 3,600 ரூபாய். நேரடியாகக் கரையில் வாங்கிய மீனோடு தொடங்கியிருந்தால் அதில் ஐந்நூறு குறைந்திருக்கும்.

அடுத்த தலைக்குச் சில மாற்றங்களை முடிவு செய்திருக்கிறேன். போஸ்டர் வண்ணத்தில் நீலம் திரவத்தில் சற்று வெளிறுகிறது. அடர்த்தியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வெட்டுமட்டத்தை 2 மி.மீ. உயர்த்தினால் ஐந்தாம் பையின் மொட்டைச் சுவர் இன்னும் அகலமாகத் தெரியும். கண்ணாடி வளைவாக இருப்பதால் புள்ளிகள் பக்கவாட்டில் நீண்டு தெரிகின்றன. தட்டையான முகமுள்ள சதுரக் குடுவை கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குவேன். பக்கத்தில் வைப்பதற்குத் திருக்கை ஒன்றின் தலையையும் இதே முறையில் செய்யச் சொல்லி ஆசிரியர் கேட்டிருக்கிறார். திருக்கைக்குப் பிளவுகள் ஐந்தும் அடிப்பக்கத்தில் இருப்பதாலும், மணலில் படுத்திருக்கும்போது நீரைக் கண்ணுக்குப் பின்னுள்ள பெரிய மூச்சுத்துளை வழியாக இழுப்பதாலும், கத்தியின் மட்டத்தை வேறுவிதமாகத் திட்டமிட வேண்டும். துடுப்புகளின் அகலத்துக்கு இந்தக் குடுவை போதாது என்பதால், 25 செ.மீ. அகலமுள்ள மீன்தொட்டி ஒன்றுக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.